ஆவணியிலேயே புரட்டாசிக்குப் போன கம்ப்யூட்டர்

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பயப்படாதீர்கள். இது ஜெயித்த கதைதான். தோற்றிருந்தால் இங்கே வந்து சொல்லியிருப்பேனா? என்னை உங்களுக்குத் தெரியாதா...

அழுத காரணத்தைச் சொல்ல ஐந்து வாரம் பின்னால் போக வேண்டும்.

நான் ஒரு வக்கீல் ஆபிஸில் டைப் அடிக்கிறவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆடி பிறந்த வாரம், ஒரு பெண் அங்கே வந்தார். பெயர் பாக்கியம். கேரி தீவுக்குப் போகிற வழியில் இருக்கும் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிற வேலை. கணவர் இல்லை. மூன்று பிள்ளைகள். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அக்கா, இது எங்க லயத்து செவுத்துல ஒட்டியிருந்துச்சி. என்னா எழுதியிருக்குன்னு சொல்லுங்க."

படித்துச் சொன்னேன். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். காலி செய்ய வேண்டும். வேண்டுமானால் மலிவு விலை வீட்டுக்கு மனுப் போடலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி விண்ணப்பப் பாரம். மலாயில் டைப் அடித்து, ஷா ஆலத்தில் இருக்கிற ஆபிஸில் கொடுக்க வேண்டும். கடைசி நாள் போன வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

தோட்டத்தில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். அடையாள அட்டையின் ஐசி நம்பரில் ஓர் எண் தப்பினாலும் பாரத்தைத் திருப்பிவிடுவார்கள். திருப்பினால் அடுத்த வாய்ப்பு எப்போது என்று ஆபிஸில் இருப்பவர்களுக்கே தெரியாது.

படித்துச் சொன்னதோடு நான் எழுந்து போயிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? "கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பாரத்தை ஒருத்தி எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பதை ராத்திரி படுக்கையில்தான் யோசித்தேன்.

அப்போது ஞாபகத்துக்கு வந்தவர் லெட்சுமணன் அண்ணன். கிள்ளானில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை வைத்திருக்கிறார். மாடியில் வீடு, கீழே கடை. அந்த வாரம்தான் கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். போன் செய்தேன். மனிதர் மறுபேச்சு பேசவில்லை.

"அனுப்பும்மா. தோட்டத்து ஆளுங்க எப்படியும் கிள்ளானுக்குத்தான வருவாங்க. கேட்டு நான் அடிச்சிடுறேன். நீ சரிபார்த்துடு."

இரண்டே விரலால் டைப் அடிக்கிறவர். அந்த இரண்டு விரலும் நூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் காசு வாங்காமல் உழைத்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் அவரைத் திட்டப் போகிறேன்.

வேலை இப்படி ஓடியது. கிள்ளானில் அண்ணன் பாரத்தை அடிப்பார். குடும்பத்துக்கு ஒரு பைல். ஒவ்வொரு புதன்கிழமையும் புதிய பைல்களை ஒரு டிஸ்க்கில் போட்டு, ஐசி போட்டோகாப்பிகளோடு குணாவிடம் கொடுப்பார். குணா பேக்டரி வேன் ஓட்டுகிறவர். தினமும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் போய் வருகிறவர். நான் போட்டோகாப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகத் திருத்துவேன். அந்த வாரம் திருத்தியதை மட்டும் வேறொரு டிஸ்க்கில் போட்டு, வெள்ளிக்கிழமை குணாவிடம் கொடுத்துக் கிள்ளானுக்கு அனுப்புவேன். போட்டோகாப்பிகளும் அதோடு தோட்டத்துக்குத் திரும்பிவிடும்.

அண்ணன் என் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு, டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

டிஸ்க் திரும்பி வந்ததா? வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம்... ஐந்து டிஸ்க்கும் போனது போனதுதான். ஒவ்வொரு தடவையும் போனில் கத்துவேன்.

"அண்ணே, டிஸ்க் என்ன சும்மாவா வருது? திருப்பி அனுப்புங்க. அதையே அழிச்சிட்டு மறுபடி போடணும்லா."

"அனுப்புறேம்மா, அனுப்புறேன்" என்பார். அனுப்ப மாட்டார்.

இங்கே என் கம்ப்யூட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்னுடையது ஆபிஸில் கழித்துக் கட்டிய பழைய மெஷின். ஊரே மவுஸைப் பிடித்து உருட்டிக்கொண்டிருக்கிறது. என்னிடம் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். கட்டளையை டைப் அடிக்க வேண்டும். அடித்தால் செய்யும். எதிர்த்துப் பேசாது. என் வீட்டில் அப்படி இருக்கிற ஒரே ஆள் அதுதான்.

அந்தக் கட்டளைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரீப்ளேஸ்'. அதன் வாலில் ஒரு சாய்ந்த கோடும் 'யூ' என்ற எழுத்தும் சேர்த்துவிட்டால், ஒரே பெயரில் இரண்டு இடத்தில் இருக்கிற பைல்களை ஒப்பிட்டுப் பார்க்கும். எது புதிதோ அது நிற்கும். பழையது போய்விடும். எது புதிது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொரு பைலிலும் அது கடைசியாக எழுதப்பட்ட தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான்.

எவ்வளவு அழகு! இரண்டு ஊரில் இரண்டு பேர் வேலை செய்தாலும், கடைசியில் ஒரே கட்டளையில் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை வைத்து நான்கு வரியில் ஒரு புரோகிராம் எழுதி, அதற்கு 'சமம்' என்று பெயரும் வைத்தேன். ஆபிஸில் எல்லோரிடமும் காட்டினேன். வக்கீல்கூட எட்டிப் பார்த்து, "ஓகே லா" என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

கடைசி வாரம் அண்ணன் சொன்னார்: "மூணு வீட்டுல மாத்தம் இருக்கும்மா. ஒரு வீட்டுல புதுசா கொழந்தை பொறந்திருக்கு. நானே திருத்திட்டேன்." அதனால் எல்லா பைல்களையும் மொத்தமாக டிஸ்க்கில் போட்டு அனுப்பச் சொன்னேன். அவர் பக்கம் திருத்திய மூன்றும் என் பக்கம் வரட்டும். மற்றவை என்னுடையவைதானே புதிது, அவை அப்படியே நிற்கும்.

போன வியாழக்கிழமை லீவு போட்டேன். காலை பத்து மணிக்கு டிஸ்க்கைச் செருகி, 'சமம்' என்று அடித்து, என்டரைத் தட்டினேன். மெஷின் கறகறவென்று ஓடியது. பைல் பெயர்கள் வரிசையாக மேலே ஏறின... ஏறிக்கொண்டே இருந்தன.

மூன்று பைல்தானே மாற வேண்டும்? இத்தனை ஏன்?

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. முதல் பாரமாகப் பாக்கியத்துடையதை எடுத்துப் பிரிண்ட் போட்டேன். ஐசி நம்பரில் நடுவில் இரண்டு எண் இடம் மாறியிருந்தன. இதை நான் திருத்தினேனே! முதல் வாரமே திருத்தினேனே! அடுத்த பாரம். தப்பு. அதற்கு அடுத்தது. பிள்ளைகள் நான்கு என்று நான் மாற்றியது மறுபடியும் மூன்றாகியிருந்தது.

ஐந்து வாரம் நான் திருத்தியது எல்லாவற்றின் மேலும், திருத்தாத பழைய பைல் ஏறி உட்கார்ந்திருந்தது. என்னிடம் வேறு காப்பி கிடையாது. போட்டோகாப்பியும் கிடையாது. மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கெடு. நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் கெடுத்தது வேறு யாருமில்லை, நான் பெருமையாகப் பெயர் வைத்த 'சமம்'.

அதற்குத்தான் அழுதேன்.

ஆனால் எனக்கு அழுகை அதிக நேரம் தங்காது. கோபம் வந்து அதைத் தள்ளிவிடும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பைல்களின் தேதியைப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டிய தேதி. ஐந்து வாரமாகக் கண்ணுக்கு நேரே இருந்த தேதி. அண்ணனுடைய பைல்கள் எல்லாம் இனிமேல் வரப்போகிற தேதிகளில் எழுதப்பட்டவை.

ஆமாம். இன்னும் வராத தேதி!

கிள்ளானுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க கம்ப்யூட்டர்ல இன்னைக்கு என்ன தேதி?"

"அதுலயா? அது நான் வெச்ச தேதிம்மா."

"நீங்க... வெச்ச தேதியா?"

"பின்ன? மெஷின் கடைக்கு வந்தது ஆடி மாசம். செவ்வாக்கிழமை. மத்தியானம் மூணரை மணி, சரியான ராகு காலம். கொண்டாந்து எறக்கிட்டு அவன் பாட்டுக்கு ஆன் பண்ணிட்டான். நான் சும்மா விடுவேனா? உடனே ஆவணியில ஒரு நல்ல முகூர்த்தத்தைப் பார்த்து, தேதியை அதுக்கு மாத்திட்டு, அப்புறந்தான் முதல் எழுத்தையே அடிச்சேன். இப்போ அதோட பிறப்பு ஆவணி முகூர்த்தம். எப்படி?"

எப்படி என்று என்னிடமே கேட்கிறார்!

அன்றிலிருந்து அந்த மெஷின் ஒரு மாதத்துக்கும் மேலே முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. நாமெல்லாம் ஆவணியில் நிம்மதியாக மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்க, லெட்சுமணன் அண்ணனின் கம்ப்யூட்டர் மட்டும் புரட்டாசிக்குப் போய் விரதத்தில் உட்கார்ந்துவிட்டது. அது எழுதிய எல்லாமே என்னுடையதைவிடப் புதிது என்று என் 'சமம்' நம்பிவிட்டது. அதற்கு என்ன தெரியும்? தேதியைப் பார், புதியதை வை. அவ்வளவுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்தது.

"சரிண்ணே, நான் வெள்ளிக்கிழமை அனுப்புன டிஸ்க் எல்லாம் ஏத்தினீங்களா?"

"ஏத்தினேனே! நீ எழுதிக் குடுத்த அதே கட்டளை. ஒவ்வொரு தடவையும் 'ஒரு பைலும் மாற்றப்படவில்லை'ன்னு வந்துச்சி. குறை ஒண்ணுமில்லைன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். புரட்டாசியில் இருக்கிற பைலை, ஆவணியில் எழுதிய என் பைல் எப்படி மாற்றும்? அங்கேயும் என் திருத்தம் ஏறவில்லை. அப்படியானால் ஐந்து வார வேலை உலகத்தில் எங்கேயும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது.

"அண்ணே... அந்த அஞ்சு டிஸ்க்கும் எங்க?"

"சாமி ரூம்ல இருக்கு."

"என்னது?"

"கோவிச்சுக்காதம்மா. வெள்ளிக்கிழமை, வெளக்கு வெச்ச பிறகு வீட்டுக்கு வந்த பொருள். அதைத் திருப்பி வெளிய அனுப்ப எனக்கு மனசு வரல. லட்சுமி மாதிரி இல்லையா? படத்துக்கிட்ட வெச்சிட்டேன். ஒவ்வொண்ணா சேர்ந்துபோச்சி. சொன்னா நீ திட்டுவியேன்னு சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா? இரண்டும்தான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் கேட்டபோதெல்லாம் அவர் டிஸ்க்கை ஒழுங்காகத் திருப்பி அனுப்பியிருந்தால், நான் என்ன செய்திருப்பேன்? அழித்துவிட்டு அதிலேயே அடுத்த வாரத்தைப் போட்டிருப்பேன். ஐந்து வாரமும் சுத்தமாகப் போயிருக்கும்.

"அதுல எதையாச்சும் மாத்தினீங்களா, அழிச்சீங்களா?"

"சேச்சே! பொட்டு மட்டும் வெச்சேன்."

அடுத்த ரயிலைப் பிடித்தேன். புது எலக்ட்ரிக் ரயில், நல்ல குளிர். வழி நெடுக ஒரே யோசனை... பொட்டை எங்கே வைத்தார்? டிஸ்க்கின் முதுகில் வைத்தாரா, அந்த இரும்புத் தகட்டில் வைத்தாரா? தகட்டுக்கு உள்ளேதான் உயிர் இருக்கிறது. ஷா ஆலம் ஸ்டேஷன் வந்தபோது, நாளைக்கு இதே ஊருக்கு எந்த முகத்தோடு வருவேன் என்று நினைத்தேன்.

கடைக்குள் நுழையும்போது மணி ஒன்று நாற்பது. பாக்கியம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட அன்றைக்கு வரச் சொல்லியிருந்தோம்; பெரிய பிள்ளை கிறுக்கிப் பழக்கிக் கொடுத்த கையெழுத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் துண்டுக் காகிதத்தை மடித்தார்.

"டிஸ்க்கை எடுத்துட்டு வாங்கண்ணே" என்றேன்.

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எடுக்கலாம்மா. ஆனா இன்னைக்கு வியாழன். ஒன்றரையிலேருந்து மூணு வரைக்கும் ராகு காலம். முதல் தடவையே நேரம் சரியில்லாமத்தான் இவ்ளோ வம்பு. மூணு அடிக்கட்டும். அடிச்ச உடனே..."

அவ்வளவுதான். எனக்கு வாயில் வந்ததெல்லாம் வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பாரம், ஒவ்வொன்றும் நான்கு பக்கம், அவருடைய பிரிண்டர் பக்கத்துக்கு ஒரு நிமிடம் இழுக்கும் — கணக்குப் போடத் தெரியாதா உங்களுக்கு? நேரம் பார்த்து நேரம் பார்த்துத்தான் இந்த மெஷினைப் புரட்டாசிக்கு அனுப்பினீர்கள்! தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

பாக்கியம்தான் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார்.

"அண்ணே... எங்க லயத்துல நோட்டீஸ் ஒட்டுனாங்களே. அதை எந்த நேரம் பார்த்து ஒட்டுனாங்க?"

அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மாடி ஏறினார். இறங்கி வரும்போது கையில் ஒரு பித்தளைத் தட்டு. தட்டில் ஐந்து டிஸ்க். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

நான் முதலில் செய்த வேலை, 'டேட்' என்று அடித்ததுதான். புரட்டாசி பதினான்கைத் திரை காட்டியது — அதாவது, அதற்குச் சமமான இங்கிலீஷ் தேதியை. அதை அழித்து அன்றைய தேதியைக் கொடுத்தேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு மாதமும் ஒரு வாரமும் ஒரே என்டரில் பின்னால் வந்துவிட்டது.

பிறகு புதிதாக ஓர் இடம் உண்டாக்கி, அதில் அண்ணனுடைய பைல்களை முதலில் கொட்டினேன். அதன்மேல் என் டிஸ்க்குகளை முதல் வாரத்திலிருந்து வரிசையாக ஏற்ற வேண்டும். 'ரீப்ளேஸ்' வேண்டாம், ஒப்பிடுகிற புத்திசாலித்தனமே வேண்டாம். வெறும் 'காப்பி'. சொன்னதைக் கேள், மேலே போடு.

இரண்டாவது டிஸ்க் ஏறியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவதும் ஏறின. முதல் டிஸ்க்கை ஏன் முதலில் போடவில்லை என்று கேட்கிறீர்களா? போட்டேனே. ஏறவில்லை! அதில்தான் பொட்டு தகட்டின்மேலேயே இருந்தது. முதல் வாரம், பக்தி அதிகம் போலிருக்கிறது. பாக்கியத்தின் பாரம் இருந்ததும் அதே டிஸ்க்கில்தான்.

'படிக்க முடியவில்லை. நிறுத்தவா, மறுபடி முயலவா, விட்டுவிடவா?' என்று திரை கேட்டது.

டிஸ்க்கை வெளியே எடுத்தேன். தகட்டை மெல்ல நகர்த்தினேன். ஓரத்தில் சிவப்பாக ஒரு துளி. அண்ணன் பஞ்சை எடுத்துவந்தார். "நான் வெச்சது, நானே எடுக்குறேன்" என்றார். பத்திரிகையில் தங்க எழுத்து ஒட்டுகிற கை, ஒரே ஒற்றில் எடுத்தது. ஊதப் போனவரை மட்டும் தடுத்தேன்.

மறுபடி செருகினேன். மறுபடி அதே கேள்வி. 'மறுபடி முயல்' என்று ஒரு தட்டு. கறக்... கறக்... அதே கேள்வி. இன்னொரு தட்டு. பாக்கியம் என் நாற்காலியின் பின்னால் நின்றிருந்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. மூன்றாவது தட்டு.

கறக், கறக், கறக்... ஒரு பைல் பெயர் வந்தது. அடுத்தது. அடுத்தது. இருபத்து மூன்று பைல்களும் வந்து முடிந்து, 'காப்பி ஆயிற்று' என்று திரை சொன்னபோது, நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் பூக்கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

முதலில் திறந்தது பாக்கியத்தின் பாரத்தைத்தான். அவர் ஐசியை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒவ்வோர் எண்ணாக நான் படிக்கப் படிக்க, அவர் விரலை நகர்த்தினார். எல்லாம் சரியாக இருந்தது.

"இருக்குக்கா" என்றார். "அப்படியே இருக்கு."

அண்ணன் திருத்திய மூன்று பாரத்தின்மேலும் என் பழையது ஏறியிருந்தது; அவருடைய பைலைப் பார்த்து அவரே சொல்ல, கையால் திருத்தினோம். புதிதாகப் பிறந்த குழந்தையும் பாரத்தில் ஏறியது. முதல் பக்கத்தைப் பிரிண்டருக்கு அனுப்பும்போது மணி மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி என்னவோ சொல்லத் துடித்தார். பிறகு அவரே பட்டனை அமுக்கினார்.

பக்கத்துக் கடைப் பிரிண்டரையும் இரவல் வாங்கி, இரண்டையும் ஓட்டினோம். பாரம் வர வர, தோட்டத்து ஆட்கள் வந்து கையெழுத்துப் போட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை குணா பேக்டரியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வேனைக் கொண்டுவந்தார். நான், அண்ணன், பாக்கியம், நான்கு அட்டைப்பெட்டி. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம். அதற்குள் போய்விடலாம் என்றுதான் ஒன்பது மணிக்கே கிளம்பினோம். வழியில் ஒரு லோரி குறுக்கே நின்று ஜாம். நகரவே இல்லை. ஷா ஆலம் ஆபிஸ் வாசலில் இறங்கியபோது பதினொன்று ஐந்து.

அண்ணன் கண்ணாடிக் கதவு வரை வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முன்னால் உள்ளே நடந்தார்.

எனக்கு அந்த இடத்தில் அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. முந்தின நாள் தெருவே நின்று பார்க்கத் திட்டியதற்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது?

கவுன்டரில் ஒரு மலாய்க்கார அக்கா. ஒவ்வொரு பாரமாக எடுத்தார். ஐசி நம்பரின் மேல் பேனாவை ஓட்டினார். முத்திரை குத்தினார். டப். அடுத்தது. டப். கீழே வைத்துவிட்டு எதையாவது கேட்பாரோ என்று ஒவ்வொரு தடவையும் அவர் வாயையே பார்த்தேன். கேட்கவில்லை. டப், டப் என்று நூற்றுப் பன்னிரண்டு தடவை. என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த மேளச் சத்தம் அதுதான்.

கடைசி பாரத்தையும் குத்திவிட்டு நிமிர்ந்தார். "செமுவா லெங்காப்" என்றார். எல்லாம் முழுசாக இருக்கிறதாம். பிறகு இங்கிலீஷில், யார் இதைத் தயாரித்தது என்று கேட்டார். நான் அண்ணனைக் காட்டினேன். அண்ணன் என்னைக் காட்டினார். பாக்கியம் எங்கள் இரண்டு பேரையும் காட்டினார்.

வீடு கிடைக்க இன்னும் எத்தனையோ படி ஏற வேண்டும். அது எனக்கும் தெரியும், பாக்கியத்துக்கும் தெரியும். ஆனால் ஒரு பாரம்கூடத் திரும்பவில்லை. முத்திரை குத்திய தன் ரசீதைப் பாக்கியம் நான்காக மடித்து, நோட்டீஸ் இருந்த அதே பிளாஸ்டிக் பையில் வைத்தார். நோட்டீஸை வெளியே எடுத்துக் கசக்கி, ஆபிஸ் குப்பைத் தொட்டியில் போட்டார். வேனில் ஏறியதும் நான்கு பேரும் பேசிய பேச்சில் குணா கிள்ளான் போகிற திருப்பத்தையே தாண்டிப் போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகு, நான் கற்றுக்கொண்டது என்ன? கடைசியாக வந்தது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. கம்ப்யூட்டருக்கு மட்டுமா இது தெரியவில்லை? நம் சங்கக் கூட்டங்களில் என்ன நடக்கிறது? மூன்று மணி நேரம் யோசித்துப் பேசியவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு, காப்பி குடித்துவிட்டு உள்ளே வருகிறவர் ஒரு வார்த்தை சொல்லுவார். அதுதான் தீர்மானமாகும்! அங்கேயும் 'ரீப்ளேஸ்' கட்டளைதான் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கஷ்டமாக இருந்தாலும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களை இந்தப் பக்கத்தில் நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அண்ணனின் நல்ல நேரம் என் வேலையை அழித்தது, உண்மை. அவருடைய வெள்ளிக்கிழமை அதைக் காப்பாற்றியதும் உண்மை. கட்டளைகளைக் கரைத்துக் குடித்த நான் ஒரு காப்பிகூட எடுத்து வைக்கவில்லை. கம்ப்யூட்டர் வாங்கி ஐந்து வாரமான அவர் ஐந்து காப்பி வைத்திருந்தார்.

அதனால் இனிமேல் நான் எதை எழுதினாலும், அதை ஒரு டிஸ்க்கில் போட்டு, வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு கையில் கிடைக்கிற மாதிரி கிள்ளானுக்கு அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

இந்தப் பத்தியும் போயிருக்கிறது... திரும்பி வராது, நிம்மதி!